"எம்புட்டு ஃபைல் இருக்கு பாப்பா?" - அருப்புக்கோட்டை ஸ்டுடியோவும் காணாமல்போன 626 ஃபைல்களும்

"பாப்பா, நீ கம்ப்யூட்டர்லதான வேலை பாக்குற... ஒரு டிஸ்க்குல எம்புட்டு ஃபைல் இருக்குன்னு எப்படி எண்ணுறது?"

செவ்வாய்க்கிழமை ராத்திரி பத்து மணிக்கு அருப்புக்கோட்டையிலிருந்து சித்தப்பா போன். பத்திரிகையில் டிஜிட்டல் பிரிவில் இருப்பதாகச் சொன்னாலும் சொன்னேன், ஆதார் ஓடிபி வரவில்லை என்பதில் ஆரம்பித்து அத்தை வீட்டு டிவி ரிமோட் வரைக்கும் எல்லாப் புகாரும் எனக்குத்தான் வரும். இதையும் அப்படித்தான் நினைத்தேன். "ரைட் கிளிக் பண்ணி ப்ராப்பர்ட்டீஸ் பாருங்க சித்தப்பா" என்று சொல்லிவிட்டு வைக்கப் பார்த்தேன்.

"அதெல்லாம் பாத்தாச்சு. ரொம்ப நேரம் ஓடிக்கிட்டே இருக்கு, அப்புறம் சிஸ்டம் நின்னுருது. நீ கொஞ்சம் பொறுமையா கேளு. ஒரு ஆத்தாவோட படத்தைக் காணோம்."

சித்தப்பாவுக்கு ஸ்டுடியோ. ஃபிலிம் ரோல் காலத்தில் ஆரம்பித்து, 2005-ல் டிஜிட்டலுக்கு மாறினார். அருப்புக்கோட்டை டவுன் மட்டுமல்ல. ரெட்டியபட்டி, திருச்சுழி, நரிக்குடி என்று கிழக்கே கரிசலுக்குள் எந்த ஊரில் கல்யாணம் என்றாலும் லைட்டைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். வானம் பார்த்த பூமி. மழை ஏமாற்றினால் கல்யாணம் தள்ளிப்போகும், அந்த வருடம் ஸ்டுடியோவும் ஈ ஓட்டும்.

கல்யாணம், காதுகுத்து, சடங்கு தவிர இந்தப் பக்கத்து ஸ்டுடியோக்களுக்கு இன்னொரு வேலை உண்டு. செத்தவர் படம். கிராமத்தில் எழுபது வயதுக்கு மேல் இருக்கும் பலருக்குத் தனியாக எடுத்த போட்டோ என்று ஒன்று இருக்காது. ரேஷன் கார்டு, ஆதார் அட்டையில் இருக்கிற முகத்தை அவர்களுக்கே அடையாளம் தெரியாது. அதனால் ஒருவர் தவறியதும் மகனோ பேரனோ ஸ்டுடியோவுக்கு வருவார்கள். "இன்னார் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்துருந்தாக, அதுல எங்கிட்டாவது நிப்பாக, பாருங்க" என்பார்கள். சித்தப்பா அந்தக் கல்யாணத்தைத் திறந்து, கூட்டத்துக்குள் தேடி, முகத்தை மட்டும் வெட்டியெடுத்து, பின்னால் நீலக் கலர் கொடுத்து, பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொடுப்பார். பதினாறாம் நாள் காரியத்தில் அந்தப் படத்துக்குத்தான் மாலை விழும்.

அப்படித்தான் அன்று திருச்சுழிப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்திருக்கிறார். அம்மா தவறி ஐந்தாம் நாள். வீட்டில் ஒரு படமும் இல்லை. 2009-ல் மாமன் மகள் கல்யாணத்துக்கு அம்மா போயிருந்தார். பந்தியில் நின்று பரிமாறியது மகனுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. சித்தப்பாவுக்கும் அந்தக் கல்யாணம் ஞாபகம் இருக்கிறது. அன்றைக்கு மேடையில் அவர் நின்றார். பந்தியில் இன்னொரு கேமராவுடன் உதவியாளர் நின்றார்.

ஃபோல்டரைத் திறந்தால் மேடை இருக்கிறது. தாலி கட்டுவது இருக்கிறது. பந்தி இல்லை.

போன மாதம்தான் பழைய ஹார்டு டிஸ்க்கிலிருந்து எல்லாவற்றையும் புது டிஸ்க்குக்கு மாற்றியிருந்தார்கள். பழையதில் 'டிக் டிக்' என்று சத்தம் வர ஆரம்பித்துவிட்டதாம். மாற்றிய வேலை சித்தப்பா மகனுடையது; மூன்று ராத்திரி உட்கார்ந்து செய்திருக்கிறான். பழைய டிஸ்க் துணியில் சுற்றி மேஜை டிராயரில் கிடந்தது. அடுத்த முகூர்த்தத்துக்கு அதை ஃபார்மட் செய்து பயன்படுத்தலாம் என்று எடுத்து வைத்திருக்கிறார்கள்.

"ஃபார்மட் பண்ணிட்டீங்களா?" என்றேன். குரல் எனக்கே கொஞ்சம் உயர்ந்துதான் கேட்டது.

"இல்ல. நாளைக்குப் பண்ணலாம்னு இருந்தான்."

சாய்ந்த கோடு எந்தப் பக்கம்?

ஃபோல்டருக்குள் ஃபோல்டர், அதற்குள் ஃபோல்டர் என்று போகும்போது மவுஸை வைத்து எண்ண முடியாது. சித்தப்பா டிஸ்க்கில் வருடம், அதற்குள் மாதம், அதற்குள் கல்யாண வீட்டுப் பெயர், அதற்குள் கேமரா என்று நான்கு அடுக்கு. நம் ஊர் நிலக் கணக்கு மாதிரி. மாவட்டத்துக்குள் வட்டம், வட்டத்துக்குள் பிர்கா, அதற்குள் கிராமம், சர்வே எண், உட்பிரிவு. விருதுநகர் மாவட்டத்தில் மொத்தம் எத்தனை உட்பிரிவு என்று கேட்டால், ஒவ்வொரு கிராமத்துக்குள்ளும் இறங்கி ஏறித்தான் சொல்ல வேண்டும். அந்த இறங்கி ஏறுகிற வேலையை ஒற்றை வரியில் செய்ய, விண்டோஸில் ஒரு கறுப்புத் திரை இருக்கிறது. பெயர் கமாண்ட் ப்ராம்ப்ட். எழுதினால் கேட்கும், மவுஸுக்கு அங்கே வேலை இல்லை.

"ஒரு பேப்பர் எடுத்துக்கங்க" என்று சொல்லி, எழுத்து எழுத்தாகச் சொன்னேன். சித்தப்பா பில் புக்கின் பின்பக்கத்தில் தமிழில் எழுதிக்கொண்டார். டிர். ஒரு இடைவெளி. ஸ்லாஷ் எஸ். இடைவெளி. ஸ்லாஷ் பி. இடைவெளி. ஸ்லாஷ் ஏ மைனஸ் டி, இது மட்டும் ஒட்டி.

"ஸ்லாஷ்னா எந்தப் பக்கம் சாயுற கோடு?"

"கேள்விக்குறி இருக்குற பட்டன் சித்தப்பா."

'டிர்' என்றால் பட்டியல் போடு. 'எஸ்' என்றால் உள்ளே இருக்கிற எல்லா ஃபோல்டருக்குள்ளும் இறங்கு. 'பி' என்றால் தேதி, அளவு என்ற அலங்காரம் எல்லாம் வேண்டாம், வரிக்கு ஒரு பெயர் போதும். 'ஏ மைனஸ் டி' என்றால் ஃபோல்டர்களை விட்டுவிடு, ஃபைல் மட்டும் வேண்டும். இதை மட்டும் அடித்தால் லட்சம் பெயர் திரையில் ஓடும். அதனால் இதன் பின்னால் ஒரு நெட்டுக் கோடு போட வேண்டும். அதற்குப் பெயர் பைப். இடப்பக்கம் வருவதை வலப்பக்கத்துக்குத் தள்ளிவிடும் குழாய். வலப்பக்கத்தில் ஃபைண்ட், ஸ்லாஷ் சி, ஸ்லாஷ் வி, கடைசியில் உள்ளே ஒன்றும் இல்லாமல் இரட்டை மேற்கோள் குறி. 'வருகிற வரிகளை எண்ணு' என்பதை விண்டோஸ் இப்படிச் சுற்றி வளைத்துத்தான் புரிந்துகொள்கிறது.

இந்தக் குழாய் யோசனை விண்டோஸுக்குச் சொந்தமில்லை. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டக் மெக்கில்ராய் என்பவர் பல வருடம் சொல்லிக்கொண்டே இருக்க, 1973-ல் கென் தாம்சன் அதை யூனிக்ஸில் சேர்த்தார். சின்னச் சின்ன வேலை செய்யும் கருவிகளை ஒன்றோடு ஒன்று கோத்துவிட்டால் பெரிய வேலை முடியும் என்பதுதான் யோசனை. லினக்ஸில் இதே எண்ணிக்கைக்கு 'ஃபைண்ட்' என்று ஆரம்பித்து, புள்ளி வைத்து, 'மைனஸ் டைப் எஃப்' போட்டு, பைப்புக்கு அந்தப் பக்கம் 'டபிள்யூசி மைனஸ் எல்' என்று முடிப்பார்கள். ஒரு வேடிக்கை கவனியுங்கள். 'ஃபைண்ட்' என்ற அதே சொல் லினக்ஸில் ஃபைலைத் தேடும், விண்டோஸில் ஃபைலுக்குள் இருக்கும் எழுத்தைத் தேடும். பெயர் ஒன்று, ஆள் வேறு. டிப்ளமோ படிக்கும்போது இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு ஒரு முழு மதியத்தை வீணடித்தவள் நான்.

கால் மணி நேரத்தில் சித்தப்பா திரும்பக் கூப்பிட்டார். சந்தோஷமாக இருந்தார். "ரெண்டும் ஒண்ணுதான் பாப்பா! பழசுலயும் 1,18,432. புதுசுலயும் 1,18,432. ஒண்ணும் போகல."

எனக்கு உறுத்தியது. பந்தி போட்டோ இல்லை என்று கண்ணால் பார்த்திருக்கிறோம். கணக்கு மட்டும் எப்படிச் சரியாக இருக்கும்? திரையில் கடைசி வரியின் முதல் எழுத்து என்னவென்று கேட்டேன். "டி" என்றார்.

அங்கேதான் கோளாறு. கறுப்புத் திரையில் 'சிடி' என்று அடித்துப் புது டிஸ்க்கின் முகவரியைக் கொடுத்தால் மட்டும் அங்கே போய்விட முடியாது. டிரைவ் மாற வேண்டுமென்றால் அதன் எழுத்தையும் முக்காற்புள்ளியையும் தனியாக அடிக்க வேண்டும். சித்தப்பா பழைய டிஸ்க்கில் நின்றுகொண்டே இரண்டு தடவை எண்ணியிருக்கிறார். இன்னொரு வாசலுக்குப் போவதாக நினைத்துக்கொண்டு, அதே வீட்டு மாட்டை மறுபடியும் எண்ணிய கதை.

சரியான இடத்தில் நின்று எண்ணியபோது புது டிஸ்க் சொன்ன எண் 1,17,806. குறைவது 626.

626-ல் எது போட்டோ?

சனிக்கிழமை காலை ஊரில் இருந்தேன். மதுரையிலிருந்து காரியாபட்டி தாண்டியதும் ரோட்டின் இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். அங்கங்கே கரி மூட்டப் புகை. ஸ்டுடியோவில் சித்தப்பா மகன் முகம் செத்துப்போய் உட்கார்ந்திருந்தான். "அக்கா, நான் எதையும் டெலீட் பண்ணலக்கா" என்றான். அது பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது.

மொத்த எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. பிரித்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வருட ஃபோல்டருக்குள்ளும் போ, எண்ணு, வருடத்தையும் எண்ணையும் ஒரு வரியில் எழுது, அடுத்த வருடத்துக்குப் போ என்று சொல்லும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதினேன். நாலு வரிதான். இதற்கு லூப் என்று பெயர். பழைய டிஸ்க்கில் ஒரு தடவை, புது டிஸ்க்கில் ஒரு தடவை ஓட்டி, இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். தமிழ்ப் பெயர் வைத்த ஃபோல்டர்கள் எல்லாம் கறுப்புத் திரையில் கட்டம் கட்டமாகத் தெரிந்தன. எண்ணிக்கை மட்டும் சரியாகவே வந்தது.

2005-லிருந்து 2013 வரை எல்லா வருடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் குறைந்தது. 2009-ல் மட்டும் நிறையக் குறைந்தது. அப்புறம் எல்லாம் சரி, 2017 தவிர.

கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது எது என்று பார்த்தால், 'தம்ப்ஸ்' என்று ஒரு ஃபைல். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் ஒரு ஃபோல்டரைத் திறந்து படங்களைச் சின்னச் சின்னதாகப் பார்த்தால், கம்ப்யூட்டரே ஃபோல்டருக்கு ஒன்றாக இந்த ஃபைலை ஒளித்து வைக்கும். சித்தப்பா 2013 வரை எக்ஸ்பியில்தான் ஓட்டினார். "அது குப்பைக்கா. தேடித் தூக்கிட்டேன்" என்றான் தம்பி. அதில் தப்பில்லை. அப்படித் தூக்கியது 388. ஆக, 626-ல் உண்மையில் காணாமல் போனது 238.

இங்கே கொஞ்சம் கண்மாய்க் கதை சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் எத்தனை நீர்நிலை என்று கேட்டால் 39 ஆயிரத்துச் சொச்சம் என்று பல காலமாகப் பாடத்தில் படித்து வருகிறோம். 2023-ல் மத்திய அரசு வெளியிட்ட முதல் நீர்நிலைக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க 24,24,540 நீர்நிலைகள். அதில் தமிழ்நாட்டுக்கு மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேல். ஒரே ராத்திரியில் குளம் வெட்டிவிட்டார்களா என்ன? முதல் கணக்கு பாசனம் தருகிற ஏரி, கண்மாய்களுக்கானது. இரண்டாவதில் ஊருணி, குட்டை எல்லாம் சேர்த்தி. கண்மாய்களுக்குள்ளேயே 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு இருந்தால் நீர்வளத் துறை, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம் என்று இரண்டு ஃபோல்டர். எதை எண்ணச் சொல்கிறோம் என்று முதலிலேயே முடிவு செய்யாவிட்டால் எண் சரியாகவே வரும், பதில் தப்பாக இருக்கும்.

ஸ்டுடியோ ஃபைல்களிலும் அப்படித்தான். சில கேமராக்கள் ஒரு படத்தை 'ரா' என்றும் 'ஜேபெக்' என்றும் இரண்டு ஃபைலாக எழுதும். ஃபைல் கணக்கில் இரண்டு, போட்டோ கணக்கில் ஒன்று. சரி, ஜேபெக் மட்டும் எண்ணலாம் என்று லினக்ஸில் சின்ன எழுத்தில் கேட்டால், கேமரா பெரிய எழுத்தில் பெயர் வைத்த படங்களை அது கண்டுகொள்ளவே கொள்ளாது. பெரிய எழுத்து, சின்ன எழுத்து இரண்டும் அதற்கு வேறு வேறு. விண்டோஸுக்கு இரண்டும் ஒன்று.

2017-ல் காணாமல் போன 24 ஃபைல்களுக்குத் தமிழே காரணம் என்றால் நம்புவீர்களா? விண்டோஸில் ஒரு ஃபைலின் முழு முகவரி, டிரைவ் எழுத்தில் ஆரம்பித்து ஃபைல் பெயர் வரை, பொதுவாக 260 எழுத்துக்குள் இருக்க வேண்டும். 'கல்யாணம்' நமக்கு ஐந்து எழுத்து. கம்ப்யூட்டருக்கு எட்டு; புள்ளியும் துணைக்காலும் அதற்குத் தனித்தனி எழுத்து. மணமகன், மணமகள், இரண்டு ஊர், மண்டபம் என்று சித்தப்பா பத்திரிகை மாதிரியே ஃபோல்டருக்குப் பெயர் வைத்திருந்தார். பழைய டிஸ்க்கில் எப்படியோ அடங்கியது. புது டிஸ்க்கில் தம்பி எல்லாவற்றுக்கும் மேலே இன்னொரு நீளமான ஃபோல்டர் வைத்ததும் 260-ஐத் தாண்டிவிட்டது. பெயர் நீளமாக இருக்கிறது, தாண்டிப் போகவா என்று கம்ப்யூட்டர் கேட்டிருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு யார் படிப்பார்கள்? 'ஸ்கிப்' அடித்திருக்கிறான்.

மிச்சம் 214. அது முழுக்க 2009. மூன்று கல்யாணங்கள். அதில் ஒன்று அந்த மாமன் மகள் கல்யாணம்.

பழைய டிஸ்க்கில் அந்த ஃபோல்டருக்குள் கேமரா-1, கேமரா-2 என்று இரண்டு. முதலாவதில் 407, இரண்டாவதில் 96. ஆக 503. புது டிஸ்க்கில் ஒரே ஃபோல்டர், 407.

"ரெண்டா இருந்துச்சுல்லக்கா, ஒண்ணா ஆக்கிட்டா பாக்க ஈஸியா இருக்கும்னு..." என்று இழுத்தான்.

டிஜிட்டல் கேமராக்கள் படத்துக்குப் பெயர் வைப்பதற்கு ஒரு பொது விதி இருக்கிறது. முதலில் நான்கு எழுத்து, பிறகு 0001-லிருந்து 9999 வரை ஓர் எண். அவ்வளவுதான். ஒரே கம்பெனியின் இரண்டு கேமராக்களிலும் புதுசாக அழித்த கார்டைப் போட்டு, ஒரே காலையில் ஒரே கல்யாணத்துக்குப் போனால், இரண்டும் 0001-லிருந்தே ஆரம்பிக்கலாம். மேடையில் 0001 மாப்பிள்ளை அழைப்பு. பந்தியில் 0001 இலை போடுவது. பெயர் ஒன்று, படம் வேறு. இரண்டாவது கேமராவின் 96 படங்களை முதலில் வெளியே எடுத்துப் போட்டிருக்கிறான், அதன் மேல் முதல் கேமராவின் 407-ஐக் கொட்டியிருக்கிறான். அதே பெயரில் ஃபைல் இருக்கிறது, மாற்றவா என்று கேட்டதற்கு 'ரீப்ளேஸ்'. மூன்று கல்யாணத்தில் இதையே செய்திருக்கிறான். பந்தி முழுக்க மேடைக்கு அடியில் போய்விட்டது. ஒன்றையும் அவன் டெலீட் செய்யவில்லைதான்.

சித்தப்பா அவனைத் திட்டவில்லை. "ஏன்டா, ரெண்டு பேரு ஒரே பேர் வச்சிருந்தா ஒருத்தன அடிச்சுப் போட்டுருவியா?" என்று மட்டும் கேட்டார்.

'டிக் டிக்' டிஸ்க்

பழைய டிஸ்க்கைத் தேவைக்கு மேல் ஒரு நிமிடம்கூட ஓடவிடக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். சத்தம் வரும் டிஸ்க் எப்போது நிற்கும் என்று அதற்கே தெரியாது. முதலில் அந்த 96. அப்புறம் மற்ற இரண்டு கல்யாணம். கடைசியில் 2017. இந்தத் தடவை மவுஸால் இழுக்காமல் 'ரோபோகாப்பி' என்ற கட்டளையால் அனுப்பினோம். விண்டோஸிலேயே இருப்பதுதான். வேலை முடிந்ததும் மொத்தம் எத்தனை, போனது எத்தனை, விட்டது எத்தனை, தோற்றது எத்தனை என்று கணக்குப் பிள்ளை மாதிரி கட்டம் போட்டுக் காட்டும். நீண்ட முகவரிக்கும் அது அசராது. தோற்றது என்ற கட்டத்தில் பூஜ்யம் வந்ததும்தான் தம்பி எழுந்து டீ வாங்கப் போனான்.

எண்ணிக்கை ஒன்றானால் போதுமா என்றால், போதாது. பாதி எழுதும்போது கரன்ட் போன ஃபைலும் ஒன்று என்றுதான் எண்ணப்படும். அதனால் அளவையும் ஒப்பிட வேண்டும். இன்னும் உறுதியாக வேண்டும் என்றால், ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கைரேகை மாதிரி ஒரு நீளமான எண்ணைக் கணக்கிட்டு ஒப்பிடலாம். அதற்கு 'ஹாஷ்' என்று பெயர். லட்சம் ஃபைலுக்கும் போட நேரமில்லை. பந்திப் படங்கள் 96-க்கு மட்டும் போட்டோம். எல்லாம் பொருந்தின.

பழைய புத்தகங்களை ஸ்கேன் செய்கிறவர்களுக்கு இதெல்லாம் அன்றாடம். புத்தகம் ஒரு ஃபோல்டர், பக்கம் ஒரு ஃபைல். 312 பக்கப் புத்தகத்துக்கு 311 ஃபைல் இருந்தால், மூலப் புத்தகம் கையில் இருக்கும்போதே அதைக் கண்டுபிடித்தாக வேண்டும். யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981-ல் எரிந்தபோது போன சுமார் 97,000 நூல்களை யாராலும் திரும்ப எண்ண முடியாது. ஈழத்து எழுத்துகளை இணையத்தில் சேர்க்க 2005-ல் 'நூலகம்' திட்டம் தொடங்கியதன் பின்னால் அந்த நெருப்பும் இருக்கிறது. கட்டளைகளைத் தமிழிலேயே கற்க நினைப்பவர்களுக்குக் கணியம் இதழ் இருக்கிறது. து.நித்யா எழுதிய எளிய தமிழில் லினக்ஸ் புத்தகத்தை அங்கே இலவசமாகவே தருகிறார்கள். நான் படித்தது அதில்தான்.

போனில் இதைப் படிக்கிற உங்களுக்கும் ஒரு வார்த்தை. புது போன் வாங்கி, பழையதைக் கடையில் கொடுக்கும் முன் கேலரியில் காட்டும் எண்ணை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். ஒரு ஃபோல்டரில் 'நோமீடியா' என்ற வெறும் ஃபைல் ஒன்று கிடந்தால் போதும், அதில் இருக்கும் படங்களைக் கேலரி காட்டாது. வாட்ஸ்அப்பில் நீங்கள் அனுப்பிய படங்கள் 'சென்ட்' என்ற உள் ஃபோல்டரில் தனியாக இருக்கும். ஆண்ட்ராய்டில் 'டெர்மக்ஸ்' என்ற செயலியைப் போட்டால், போனிலேயே அந்தக் கறுப்புத் திரை கிடைக்கும். நான் மேலே சொன்ன லினக்ஸ் வரி அதில் அப்படியே ஓடும். பழைய போனில் ஒரு எண், புது போனில் ஒரு எண். இரண்டும் ஒத்துப்போன பிறகு கொடுங்கள்.

பந்திப் படங்களைத் திறந்தது ஞாயிற்றுக்கிழமை மதியம். மகனை வரச் சொல்லியிருந்தோம். வந்து நின்றவர் உட்காரவே இல்லை. முப்பதாவது படமோ என்னவோ, "நிறுத்துங்க" என்றார். வரிசையாக இலை. நடுவில் சாம்பார் வாளியோடு ஓர் அம்மா, யாரோ கூப்பிட்டது போலக் கேமராவைத் திரும்பிப் பார்க்கிறார். நெற்றியில் வியர்வை. லேசாகச் சிரிப்பு.

"பின்னாடி நீலக் கலர் போடணுமா, இல்ல இப்படியே இருக்கட்டுமா?" என்று சித்தப்பா கேட்டார். வாளி தெரிய வேண்டாம், சிரிப்பு மட்டும் அப்படியே இருக்கட்டும் என்றார் அவர்.

கிளம்புவதற்கு முன் கடைசியாக ஒரு தடவை எண்ணினோம். 1,18,044. பழையதில் இருந்த 1,18,432-ல் குப்பை 388-ஐக் கழித்தால் அதே எண். சித்தப்பா பில் புக்கின் பின்பக்கத்தில், நான் சொன்ன கட்டளைக்குக் கீழே, தேதி போட்டு எழுதிக்கொண்டார்.

மறுநாள் காலை நான் ஆபீஸுக்குள் நுழையும்போது போன்.

"பாப்பா, இப்ப எண்ணிப் பாத்தேன். 1,18,045-னு காட்டுது. ஒண்ணு கூடுதலா இருக்கே, மறுபடியும் அந்தக் குப்பை ஃபைலா?"

"நேத்து ராத்திரி ஏதாவது சேவ் பண்ணீங்களா சித்தப்பா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "ஆமா... அந்த ஆத்தா படத்தை வெட்டி எடுத்து வச்சேன்" என்றார்.